சட்டப் புத்தகத்தைத் திருத்திய பழமைவாதி: அரிசோனா செனட்டில் சாண்ட்ரா டே ஓகானர்

பெண்ணிய வரலாறு எழுத உட்காரும்போது நம் கை தானாகவே சிலரை நோக்கிப் போகும். ஊர்வலம் போனவர்கள், சிறை சென்றவர்கள், குடும்பத்தையும் கட்சியையும் எதிர்த்து நின்றவர்கள். அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் மாநிலச் சட்டமன்றங்களின் வரலாற்றைப் படிக்கும்போது வேறு வகைப் பெண்களும் எதிர்ப்படுகிறார்கள். பழமைவாதக் கட்சியின் உறுப்பினர். அரசுச் செலவுக்குக் கடிவாளம் வேண்டும் என்றவர். மரண தண்டனையை ஆதரித்தவர். அதே கையால், மனைவியின் சம்பளத்தைக் கணவனின் பிடியில் வைத்திருந்த சட்டத்தையும் அடித்தவர். இப்படிப்பட்டவர்களை நம் வரலாற்றில் எங்கே வைப்பது? வகுப்பறைகளிலும் வாசிப்புக் கூட்டங்களிலும் இளம் பெண்கள் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "நம்மவரா, அவர்கள் பக்கமா?" என்று ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அப்படிப் பதில் சொல்வதைவிட, ஒருவர் செய்த வேலையை வரிசையாக எடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது சாண்ட்ரா டே ஓகானரை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்றே உலகம் அவரை அறியும். 1981இல் அந்தப் பதவி வருவதற்கு முன்பு, 1969 முதல் 1975 தொடக்கம் வரை, அவர் அரிசோனா மாநில செனட்டில் உறுப்பினராக இருந்தார். எதிர்கால நீதிபதியின் முன்கதையாகவே அந்த ஆண்டுகளை எழுதிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு பெண் ஆண்களின் அவைக்குள் நுழைந்து எதை மாற்ற முடிந்தது, எதைத் தொடாமல் விட்டார், எதற்கு விலை கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

1930இல் பிறந்த ஓகானர் அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் இருந்த 'லேசி பி' என்ற பெரிய கால்நடைப் பண்ணையில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1952இல் சட்டம் முடித்தார். நல்ல மதிப்பெண்கள் இருந்தும் வக்கீல் வேலை தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. ஒரு நிறுவனம் சட்டச் செயலாளர் வேலை, அதாவது தட்டச்சு வேலை, தரலாம் என்றது. கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் மத்தேயோ கவுண்டி வக்கீல் அலுவலகத்தில் முதலில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். பிறகு கணவரோடு ஃபீனிக்ஸ் நகருக்கு வந்து, மேரிவேல் பகுதியில் ஒரு கடை வளாகத்தில் சிறிய வக்கீல் அலுவலகம் திறந்தார். மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தன. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் வேலையை விட்டுப் போனதும் ஓகானரின் தொழிலும் நின்றது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வீட்டிலிருந்தார். படித்த பெண்ணின் தொழில் வாழ்வு இன்னொரு பெண்ணின் வீட்டுழைப்பின் மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

அந்த ஐந்து ஆண்டுகளும் வீணாகவில்லை. பெண்கள் சங்கம், மனநல மருத்துவமனை ஆலோசனைக் குழு, குடியரசுக் கட்சியின் வட்டாரப் பணி என்று ஊர்ப் பொறுப்புகளை எடுத்துப்போட்டுச் செய்தார். வீடு வீடாகப் போவது, கூட்டம் நடத்துவது, யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன சிக்கல் என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம் கட்சிகளில் பெண்கள் சம்பளமின்றிச் செய்யும் வேலைகள். இந்த வேலையிலிருந்துதான் அவருடைய அரசியல் தொடங்கியது. 1965இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் உதவி வக்கீலானார். 1969இல் மாநில செனட்டர் இசபெல் பர்ஜஸ் என்ற பெண்மணிக்கு வாஷிங்டனில் பதவி கிடைத்தது. காலியான அந்த இடத்துக்கு ஓகானர் நியமிக்கப்பட்டார். 1970இலும் 1972இலும் தேர்தலில் நின்று வென்றார்.

அந்த அரிசோனாவைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, அது பெண்கள் அரசியலுக்குப் புதிய மண் அல்ல. 1912 பிப்ரவரியில் மாநிலமானது. அதே ஆண்டு நவம்பரில் ஆண் வாக்காளர்களே வாக்களித்துப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தார்கள். நாடு முழுவதும் அந்த உரிமை வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு இது நடந்தது. வாக்குரிமை இயக்கத்தை நடத்திய ஃபிரான்சஸ் மண்ட்ஸ் 1914இலேயே மாநில செனட்டுக்குத் தேர்வானார். 1965இல் லோர்னா லாக்வுட் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அதற்கு முன் ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை. இரண்டாவது, ஃபீனிக்ஸ் தலைதெறிக்க வளர்ந்துகொண்டிருந்தது. 1950இல் ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் இருந்த ஊர், 1970இல் 5 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. வந்து குடியேறியவர்களில் பலர் குறைந்த வரியும் சிறிய அரசும் வேண்டுமென்ற நடுத்தர வர்க்கத்தினர். பேரி கோல்ட்வாட்டரின் கட்சி அவர்களுடைய கட்சி. ஓகானரின் கட்சியும் அதுதான். கோல்ட்வாட்டர் அவருக்கு நண்பரும்கூட.

அரிசோனா செனட் 30 பேர் கொண்ட சிறிய அவை. முழுநேர அவையும் அல்ல. ஜனவரியில் கூடி சில மாதங்களில் கலையும். மாநில, கவுண்டி, நகராட்சி விவகாரக் குழுவுக்கு ஓகானர் தலைவராக இருந்தார். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும் குழு. ஆனால் எந்த அதிகாரம் மாநிலத்துக்கு, எது ஊருக்கு என்று தீர்மானிப்பது இங்கேதான். மசோதாக்களைச் சொல் சொல்லாகப் படிப்பவர் என்று அவருக்குப் பெயர். விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பதற்காகவே ஒருமுறை திருத்தம் கொண்டுவந்தார். ஆண் உறுப்பினர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் காற்புள்ளி இடம் மாறினால் யாருக்கு உரிமை போகும் என்று தெரிந்தவர் அந்த அவையில் அதிகம் பேர் இல்லை. 1972 தேர்தலுக்குப் பின் அவரையே பெரும்பான்மைக் கட்சியின் அவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்க மாநில செனட் எதிலும் ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

இனி அவர் செய்தவற்றுக்கு வருகிறேன்.

முதலாவது, 1913ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டம். பெண்கள் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது அந்தச் சட்டம். இதை நீக்க ஓகானர் முன்னின்றார், நீக்கவும் செய்தார். பெண்களைக் காப்பதற்காக வந்த சட்டத்தை ஒரு பெண்ணே ஏன் நீக்க வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலவைக்கூடங்களிலும் ஆலைகளிலும் பெண்கள் கசக்கிப் பிழியப்பட்டபோது, தொழிலாளர் பக்கம் நின்ற பெண்கள் போராடி இத்தகைய வரம்புகளைப் பெற்றார்கள். ஆனால் ஆண்களுக்கு அந்த வரம்பு இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அதே சட்டம், 'உன்னைக் கூடுதல் நேர வேலையில் போட முடியாது, மேற்பார்வையாளர் ஆக்க முடியாது' என்று முதலாளி கைவிரிக்க வசதியாகிவிட்டது. கூடுதல் நேரச் சம்பளமும் பதவி உயர்வும் ஆண்களுக்கே போயின.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. வரம்பை ஆண்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் பாதுகாப்பாக்கலாம். அல்லது எல்லோருக்கும் நீக்கிவிடலாம். பழமைவாதியான ஓகானர் இரண்டாவதைத் தேர்ந்தார். அமெரிக்கப் பெண்கள் இயக்கம் 1920களிலிருந்தே இந்தப் புள்ளியில் பிரிந்துதான் நின்றது. முழுச் சமத்துவம் கேட்ட ஆலிஸ் பால் ஒரு பக்கம். பாதுகாப்புச் சட்டங்களை இழக்க மாட்டோம் என்ற ஃபிளாரன்ஸ் கெல்லி மறுபக்கம். எனவே ஓகானர் செய்தது முதலாளிகளுக்கு உதவி, பெண்களுக்குத் துரோகம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு வெற்றி என்று மட்டும் சொல்வதும் பாதி உண்மைதான்.

இரண்டாவது, சொத்து. ஸ்பானிய, மெக்சிகோ சட்ட மரபு வழியாக அரிசோனாவில் கணவன் மனைவி கூட்டுச் சொத்து முறை வழக்கில் இருந்தது. திருமணத்துக்குப் பின் இருவரும் சம்பாதிப்பது இருவருக்கும் பொது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீடு நிலம் நீங்கலான கூட்டுச் சொத்தை விற்கவும் செலவிடவும் கணவனுக்கு மட்டுமே அதிகாரம் என்று சட்டம் சொன்னது. மனைவி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கூட்டுச் சொத்து; ஆகவே அது கணவனின் நிர்வாகத்தில். பேரளவில் பாதிச் சொத்துக்காரி, நடைமுறையில் அவன் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவள். 1973இல் இந்த நிலை மாறியது. கூட்டுச் சொத்தை நிர்வகிக்க மனைவிக்கும் கணவனுக்கும் சம அதிகாரம் வந்தது. நிலம், வீடு விற்கவும், மற்றவர் கடனுக்கு ஜாமீன் நிற்கவும் இருவர் கையெழுத்தும் தேவை என்றானது. இந்த மாற்றத்தை அவையில் முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் ஓகானர். அரிசோனாவின் மணமான பெண் ஒவ்வொருவரின் அன்றாட வாழ்வையும் தொட்ட திருத்தம் இது. இதற்காக எந்த ஊர்வலமும் பெரிதாக நினைவுகூரப்படுவதில்லை.

மூன்றாவது, சம உரிமைத் திருத்தம். பாலின அடிப்படையில் உரிமை மறுக்கக்கூடாது என்று நாட்டின் அரசமைப்பில் எழுத வேண்டும் என்ற கோரிக்கை 1972 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் 84க்கு 8 என்ற வாக்கில் நிறைவேறி, ஒப்புதலுக்காக மாநிலங்களுக்கு வந்தது. உடனே அரிசோனா செனட்டில் அதை ஏற்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் ஓகானர். ஆனால் எதிர்த்து வாக்களித்த அந்த 8 பேரில் இருவர் அரிசோனாவின் செனட்டர்களான கோல்ட்வாட்டரும் பால் ஃபேனினும்தான். கட்சியின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்குப் புரிந்தது. தீர்மானம் குழுக்களிலேயே முடங்கியது. பெரும்பான்மைத் தலைவரான பிறகும் அவர் அந்தப் பதவியின் பலத்தை இதற்காகச் செலவிடவில்லை. 1974இல் மக்களிடம் கருத்துக் கேட்கலாமே என்று ஒரு யோசனையை வைத்தார், அதுவும் நடக்கவில்லை. அரிசோனா அந்தத் திருத்தத்தை ஏற்கவே இல்லை.

நகர மன்றங்களில் பேசும்போது, தான் திருமண மோதிரமும் உள்ளாடையும் அணிந்துதான் வந்திருப்பதாகச் சொல்லி ஆண்களைச் சிரிக்கவைப்பார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தெருவில் நின்ற பெண்களிடமிருந்து தன்னைத் தள்ளி வைத்துக்கொள்ளும் நகைச்சுவை அது. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன்: தெருவில் பெண்கள் கூச்சலிட்டதால்தான் அவைக்குள் ஒரு 'அடக்கமான' பெண் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று ஆண்களுக்குத் தோன்றியது. யாரைக் கேலி செய்தாரோ அவர்களுடைய தோளில் நின்றுதான் அவர் பேசினார்.

நான்காவது, கருக்கலைப்பு. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு எதற்காகக் கருக்கலைப்புக்கு உதவினாலும் 2 முதல் 5 ஆண்டு சிறை என்றது அரிசோனாச் சட்டம். 1970இல் அதை நீக்கும் 20ஆம் எண் மசோதா செனட்டின் நீதித்துறைக் குழுவுக்கு வந்தபோது ஓகானர் ஆதரித்து வாக்களித்தார். ஆனால் குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் தனிக் கூட்டத்தில் மசோதா கொல்லப்பட்டது. முழு அவையின் வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை. 1973 ஜனவரியில் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பு வந்து, இத்தகைய சட்டங்கள் நாடெங்கும் செயலிழந்தன. 1974இல் அந்தத் தீர்ப்பை மாற்ற நாடாளுமன்றத்தை வேண்டும் தீர்மானத்தை ஓகானர் எதிர்த்தார். அதே ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தை விரிவாக்கும் மசோதாவில், பல்கலைக்கழக மருத்துவமனையில் கருக்கலைப்பு கூடாது என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். மைதானத்துக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்? தொடர்பில்லாத பிரிவைச் செருகக்கூடாது என்ற காரணம் சொல்லி அவர் எதிர்த்து வாக்களித்தார். மசோதா நிறைவேறிவிட்டது.

அதே சமயம், கருக்கலைப்பில் பங்கெடுக்க மனம் ஒப்பாத மருத்துவமனை ஊழியர்களுக்கு விலக்களிக்கும் மசோதாவை ஆதரித்தவரும் அவரே. 1973இல் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்த சட்டத்தை ஆதரித்தார். மாநிலச் செலவுக்கு அரசமைப்பு வழியாக உச்சவரம்பு வைக்கப் பாடுபட்டார். நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்தாமல், ஒரு குழு பரிந்துரைக்க, ஆளுநர் நியமிக்க, பின்னர் மக்கள் 'தொடரலாமா' என்று வாக்களிக்கும் முறையை முன்வைத்தார். பெரிய கவுண்டிகளுக்கான அந்த முறையை 1974இல் வாக்காளர்கள் ஏற்றார்கள்.

இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. சட்டம் ஒரு பெண்ணின் வழியில் கல்லாகக் கிடந்தால், ஓகானர் அதை எடுத்துப் போட்டார். வேலைநேர வரம்பு ஒரு கல். கணவனின் தனி அதிகாரம் ஒரு கல். 1970இல் கருக்கலைப்புத் தடையும் ஒரு கல். ஆனால் கல் இல்லாத பாதையிலும் நடக்கச் செருப்பு இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாதவள், மருத்துவரிடம் போகக் காசில்லாதவள். அவர்களுக்கு அரசு செலவழிக்க வேண்டும். செலவுக்கு உச்சவரம்பு கேட்கும் அரசியலில் அவர்களுக்கு இடமில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்தில் நாட்டின் எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக, 1982இல்தான் அரிசோனா சேர்ந்தது. கூட்டுச் சொத்துத் திருத்தம் எல்லா மனைவிகளுக்கும் பொது. ஆனால் சொத்தும் சம்பளமும் இருந்தவளுக்குத்தான் அதன் முழுப் பயன். குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் போனதும் ஐந்து ஆண்டுகள் வீட்டிலிருக்க ஓகானருக்கு வசதி இருந்தது. போன அந்தப் பெண்ணின் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று அந்தச் செனட்டில் யாரும் கேட்கவில்லை.

இருந்தும் பழமைவாதிகள் அவரை மன்னிக்கவில்லை. 1981இல் அதிபர் ரீகன் அவரை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தபோது, எதிர்த்துக் கிளம்பியவர்கள் கையில் எடுத்தது அந்த மாநில செனட் வாக்குகளைத்தான். விசாரணையில், கருக்கலைப்பைத் தான் தனிப்பட்ட முறையில் வெறுப்பதாகவும், 1970 மசோதாவைப் போன்ற ஒன்றை இப்போது ஆதரிக்க மாட்டேன் என்றும் ஓகானர் சொன்னார். 99க்கு 0 என்று செனட் ஏற்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1992இல், ரோ தீர்ப்பின் மையத்தைக் காப்பாற்றிய மூன்று நீதிபதிகளில் ஒருவராக அவர் இருந்தார். கணவனுக்குத் தெரிவித்த பிறகே கருக்கலைப்பு என்ற பென்சில்வேனியா மாநில விதியும் அந்தத் தீர்ப்பில் அடிபட்டது. 1973இல் அரிசோனாவில் மனைவியின் கையெழுத்துக்கு மதிப்புத் தேடிய செனட்டரை நான் அங்கே காண்கிறேன்.

2006இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் சாமுவேல் அலிட்டோ. 2022இல் ரோ தீர்ப்பை ரத்து செய்த தீர்ப்பை எழுதியவர் அவரே. அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. 1973 தீர்ப்பு அரிசோனாவின் பழைய சட்டத்தைத் தடுத்துவைத்ததே தவிர, சட்டமன்றம் அதைப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் அது தூங்கிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரல் 9 அன்று, அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தலாம் என்று அரிசோனா உச்ச நீதிமன்றம் 4க்கு 2 என்று தீர்ப்பளித்தது. அதன் மூலம் 1864ஆம் ஆண்டுக்குப் போகிறது. அரிசோனா வெறும் ஆட்சிப்பகுதியாக இருந்தபோது கூடிய முதல் அவையில் 27 ஆண்கள் உட்கார்ந்து நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அது. அரிசோனாவில் பெண்களுக்கு வாக்குரிமை வர அப்போது இன்னும் 48 ஆண்டுகள் இருந்தன. ஓகானர் 2023 டிசம்பர் 1 அன்று இறந்துவிட்டார். 1970இல் குழுவில் அவர் நீக்க வாக்களித்ததும், அவருடைய கட்சி கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றியதும் இதே தடையைத்தான்.

2024 மே 1 அன்று அரிசோனா செனட் 16க்கு 14 என்று அதை நீக்கியது. குடியரசுக் கட்சியிலிருந்து இருவர் மட்டும் கட்சியை மீறி வாக்களித்தார்கள். ஒருவர் ஷானா போலிக். சட்டத்தைச் செயல்படுத்தலாம் என்ற நால்வரில் ஒருவரான நீதிபதி கிளின்ட் போலிக்கின் மனைவி. தன்னுடைய கடினமான கர்ப்பங்களைப் பற்றி அவையில் நீண்ட நேரம் பேசிவிட்டு நீக்கத்துக்கு வாக்களித்தார். அதே நவம்பரில் நீதிபதி போலிக் பதவியில் தொடரலாமா என்று மக்கள் வாக்களித்ததும் ஓகானர் முன்வைத்த அந்த 1974 முறையில்தான், தொடரலாம் என்றார்கள். அதே தேர்தலில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலும் எழுதிவைத்தார்கள்.

நம்மவரா, அவர்கள் பக்கமா என்ற கேள்விக்கு இப்போதும் என்னிடம் ஒற்றைச் சொல் இல்லை. மனைவியின் கையெழுத்துக்கு மதிப்பு வாங்கித் தந்ததற்காக ஓகானருக்கு நம் வரலாற்றில் இடம் உண்டு. கட்சியின் கதவு சாத்தப்பட்டபோது வெளியே வந்து அதைச் சொல்லாததற்கும் அதே பக்கத்தில் இடம் உண்டு. மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் சட்டமன்றத்தில் எந்தக் குழுவில் எந்த மசோதா கிடக்கிறது என்று பாருங்கள். அதை யார் முடக்கினார்கள் என்று எழுதிவையுங்கள். நீதிமன்றம் தடுத்துவைத்த சட்டம் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். புத்தகத்திலிருந்து அடிக்கப்படும் வரை அதற்கு உயிர் இருக்கிறது.